எரிச்சல் வேறு, அநியாயம் வேறு



பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நம்ம வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும். ஊருக்குப் போய் நன்றாகத் தூங்குகிறவர்கள் ஒரு கூட்டம். ஏதோ ஒரு கோர்ஸில் பணம் கட்டிச் சேர்ந்து பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டம் என்னை மாதிரி. இரண்டு மாதம் எங்காவது வேலைக்குப் போய்க் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவர்கள். இந்த மூன்றாவது கூட்டம் காலேஜ் திறந்ததும் கேண்டீனில் உட்கார்ந்து பேசுவது ஒரே ஒரு விஷயம்தான். "எங்க டேமேஜர் இருக்காரே..." என்று ஆரம்பிக்கும். (மேனேஜரைத்தான் சொல்கிறேன். இந்தப் பட்டத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்குக் கோடி புண்ணியம்.)

வேலை கஷ்டமாக இருந்தது என்று யாருமே சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஆணி எவ்வளவு வேண்டுமானாலும் பிடுங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் தாங்க முடிவதில்லை. நான் பார்த்தவரை எல்லா அலுவலகத்திலும் இந்தக் கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். முதலாமவர், போனை ஸ்பீக்கரில் போட்டுக் குடும்பப் பஞ்சாயத்து முழுவதையும் நமக்குக் கேட்க வைப்பவர். அடுத்தவர், நாம் செய்த வேலையைத் தான் செய்ததாக முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டுபவர். பேனாவை இரவல் வாங்கி அதை அடுத்த ஜென்மத்தில் திருப்பித் தருபவர் ஒருவர். வாட்ஸ்அப் குரூப்பில் ராத்திரி பதினோரு மணிக்கு 'அர்ஜென்ட்' என்று போடுபவர் ஒருவர். சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது "தம்பி, ஒரே ஒரு நிமிஷம்" என்று கூப்பிடும் முதலாளி. அந்த ஒரு நிமிஷம் எப்போதும் முக்கால் மணி நேரம்தான்.

இவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு ஒன்று தொந்தரவு செய்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

லீவில் நான் போனது நம்ம புதுச்சேரியிலேயே ஒரு சின்ன அலுவலகம். பெயர் வேண்டாம். மொத்தம் எட்டு பேர். கணக்குகளை டாலியில் ஏற்றுவது, பில்களைத் தேதிவாரியாக ஃபைலில் கோர்ப்பது, டீ வாங்கி வர ஆள் இல்லாவிட்டால் டீ வாங்கி வருவது. முதலாளி என்னிடம் ரொம்ப இனிப்பாகப் பேசுவார். "வாங்க தம்பி, சாப்டீங்களா?" என்பார். படிக்கிற பையன், எப்படியும் போய்விடுவான் என்ற மரியாதை.

என் பக்கத்து மேஜையில் ஓர் அண்ணன். மேலே சொன்ன ஸ்பீக்கர் போன் ஆசாமி அவர்தான். அதோடு ஏசி ரிமோட்டைத் தன் டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வார். சாப்பிடும்போது சத்தம் வரும். நான் ஏதாவது டைப் அடித்தால் பின்னால் வந்து நின்று "ஹூம்" என்பார். அது பாராட்டா திட்டா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேண்டீனில் உங்களிடம் சொல்லிச் சிரிப்பதற்காகவே, அவர் செய்வதையெல்லாம் ஒரு பாக்கெட் நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன்.

அதே அலுவலகத்தில் ஓர் அக்கா இருந்தார். பாகூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ் தாமதமானால் அவரும் தாமதம். பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் கட். உள்ளே நுழையும்போதே முதலாளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "வாங்க மகாராணி, பல்லக்கு இப்பதான் வந்துச்சா?" என்பார். இரண்டு பேர் சிரிப்பார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரை ஆன் செய்வார்.

வேலை முடிகிற வாரத்தில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மொத்தம் 41 குறிப்புகள். அதில் 33 அண்ணனைப் பற்றி. ரிமோட், ஸ்பீக்கர், "ஹூம்". நடுநடுவே, வேறு எழுத ஒன்றும் கிடைக்காத நாட்களில், ஒரே வரி: 'அக்காவுக்கு இன்னைக்கும் அரை நாள்.' எண்ணிப் பார்த்தேன். ஆறு தடவை. இரண்டு மாதத்தில் அவருடைய மூன்று நாள் சம்பளம்.

ரிமோட்டுக்காக நான் அண்ணனிடம் இரண்டு தடவை சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஆறு தடவையும் வாயே திறக்கவில்லை.

திறந்தது யார் தெரியுமா? அந்த அண்ணன்தான். ஆறாவது தடவை, முதலாளி ரிஜிஸ்டரில் எழுதப் பேனாவை எடுத்ததும் எழுந்து நின்றார். "சார், பத்து நிமிஷம் லேட்டுன்னா பத்து நிமிஷ சம்பளத்தைப் புடிங்க. அரை நாள் புடிக்கிறது என்ன கணக்கு? சாயங்காலம் தினமும் அரை மணி கூட நிக்கிறாங்களே, அதை எங்க எழுதறீங்க?" என்றார். முதலாளி சிரித்து மழுப்பினார். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். "ஆமா சார்" என்றார்கள். நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அரை நாள் கட் என்பது ஒரு மணி நேர கட் ஆனது. 'மகாராணி' நிற்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அக்கா அண்ணனைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என்னை எரிச்சல்படுத்தியவர் நல்ல மனுஷர். என்னிடம் இனிப்பாகப் பேசியவர் இன்னொருவர் வயிற்றில் அடித்தவர். இரண்டு மாதம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. காரணம், எனக்கு எது இடைஞ்சலோ அதை மட்டும்தான் நான் குறித்துக்கொண்டிருந்தேன். ஆக, நான் சொல்ல வருவது இதுதான்: எரிச்சல் வேறு, அநியாயம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். சின்னதுக்குச் சண்டை போட்டு, பெரியதை விழுங்கிவிடுகிறோம்.

நோட்டு எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து சைக்கிளில் ரங்கப்பிள்ளை வீதி வழியாகத்தான் வருவேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இன்னும் இருக்கிறது. கீழே நம்ம ஊர் மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுக்காரர் பாணி. ஸ்கூலில் 'நாட்குறிப்பு வேந்தர்' என்று இரண்டு மார்க் கேள்விக்குப் படித்ததோடு நாம் அவரை விட்டுவிட்டோம். உண்மையில் ஆபீஸ் தொல்லையை அவர் அளவுக்கு அனுபவித்து, அவர் அளவுக்கு எழுதி வைத்தவர் தமிழில் வேறு யாரும் இருப்பார்களா என்று சந்தேகம்.

1709இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கம்பெனியில் துபாஷி. அதாவது இரண்டு பாஷை தெரிந்து, வெள்ளைக்கார துரைக்கும் உள்ளூர் வியாபாரிகள், நவாபுகளுக்கும் நடுவில் நிற்கிற வேலை. இந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் அடித்தாலும் வலிப்பது நடுவில் நிற்பவருக்குத்தான். 1736 செப்டம்பர் 6ஆம் தேதி எழுத ஆரம்பித்து, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, சுமார் 25 வருஷம் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், சரக்கு என்ன விலை, துரை இன்று என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன பதில் சொன்னார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும்.

அவருடைய முதலாளி ஆளுநர் துய்ப்ளே. இப்போது கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். துய்ப்ளேவைச் சமாளிப்பதாவது பரவாயில்லை, அவர் மனைவியைச் சமாளிப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய பாடு. தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்த பிறகு அந்த இடம் பிள்ளைக்கு வரக்கூடாது என்பதில் அந்தம்மா குறியாக இருந்தார். வந்த பிறகும் விடவில்லை. அவர் மேல் பிள்ளைக்கு இருந்த கசப்பு நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அதே 1746இல் துய்ப்ளேவுக்கும் கடற்படைத் தளபதி லாபூர்தொனேக்கும் நடந்த தகராறு இன்னொரு கூத்து. லாபூர்தொனே போய்ச் சென்னையைப் பிடிக்கிறார். பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போடுகிறார். துய்ப்ளே முடியாது என்கிறார். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதில் ஆரம்பித்த சண்டை. நடுவில் அக்டோபர் மாதப் புயல் வந்து தளபதியின் கப்பல்களை நாசம் செய்துவிட்டது. அவர் ஊருக்குப் போய் பாஸ்டில் சிறையில் கிடந்தார். 1751இல்தான் வெளியே வந்தார். 1753இல் செத்துப்போனார். துய்ப்ளேவும் 1754இல் திருப்பி அழைக்கப்பட்டு, போட்ட பணத்துக்கு வழக்கு நடத்தியே ஓய்ந்து 1763இல் இறந்தார். சென்னையோ 1749லேயே ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிவிட்டது. இரண்டு பெரிய ஆபீசர்கள் ஈகோவில் மோதினால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும் என்பதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளை தாக்குப்பிடித்தார் என்றால், பகலில் வாயை அடக்கி, ராத்திரியில் எழுத்தில் இறக்கி வைத்தார் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அந்தக் காகிதங்களை அவர் அச்சில் போடவில்லை. அவர் இறந்து 85 வருஷம் கழித்து 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி தேடி எடுத்துப் பிரதி செய்த பிறகுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. நம்ம ஊர் பிரபஞ்சன் அதை வைத்து எழுதியதுதான் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'. இரண்டாவது நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. நாட்குறிப்பு பெரிதாக இருக்கிறதே என்று பயப்படுகிறவர்கள் நாவலில் ஆரம்பிக்கலாம்.

சரி, எழுதி வைத்தால் போதுமா? போதாது. அதையும் அதே நாட்குறிப்புதான் காட்டுகிறது. 1748இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். ஊரில் பெரிய துபாஷி, துரையிடம் நேராகப் பேசக்கூடியவர், அவராலும் தடுக்க முடியவில்லை. நடந்ததை வேதனையோடு விவரமாக எழுதி வைத்தார். அவ்வளவுதான். எரிச்சலுக்கு நாட்குறிப்பு மருந்து. அநியாயத்துக்கு அது வெறும் சாட்சி. சாட்சியும் தேவைதான். ஆனால் சாட்சி மட்டும் இருந்தால் வழக்கு ஜெயிக்காது.

அநியாயத்துக்கு என்ன செய்வது என்பதற்குப் பிள்ளையின் குடும்பத்திலேயே கதை இருக்கிறது. அவருக்கு மாமன் முறையான நைனியப்ப பிள்ளையும் அதே கம்பெனியில் அதே மாதிரி வேலை பார்த்தவர். எபேர் என்ற ஆளுநர் 1716இல் அவரைக் கைது செய்தார். கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு. அவர் 1717இல் சிறையிலேயே இறந்துபோனார். குடும்பம் அதோடு விடவில்லை. பாரீசுக்கு மனு மேல் மனு எழுதினார்கள். மூத்த மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறி பிரான்சுக்கே போனார். கடைசியில் தீர்ப்பு ரத்தானது. எபேர் பதவி இழந்தார். குருவப்பர் அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். இறந்தவர் திரும்பி வரவில்லை. பெயர் திரும்பி வந்தது.

இது பணக்காரக் குடும்பம். கப்பலேற வசதி இருந்தது. வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கு இருநூறு வருஷம் தாண்டி வர வேண்டும். ரங்கப்பிள்ளை வீதியை விட்டு மில்கள் பக்கம் போக வேண்டும்.

நம்ம தாத்தாக்கள் காலத்தில் புதுச்சேரி என்றால் பஞ்சாலை. சவானா மில், ரோடியர் மில், கெப்ளே மில் என்று மூன்று. பின்னாளில் சுதேசி மில், ஏ.எஃப்.டி., பாரதி மில் என்று பெயர் பெற்றவை இவைதான். மூன்றுமே இன்று ஓடவில்லை. உங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். 1930களில் அங்கே இருந்தது சின்னச் சின்ன எரிச்சல் இல்லை. நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, மேஸ்திரியின் வசவு. சங்கம் வைக்கும் உரிமையும் இல்லை. வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலை. 1936 ஜூலை 30ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த வருஷம், 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று நம்ம ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். இன்றும் ஒவ்வொரு ஜூலை 30ஆம் தேதியும் அஞ்சலி செலுத்துகிறார்கள். நானும் எத்தனையோ முறை அந்த மாலைகளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு டிராஃபிக் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறேன்.

பத்து நிமிஷ லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடிப்பதையும் துப்பாக்கிச் சூட்டையும் நான் ஒப்பிடவில்லை. அப்படிச் செய்தால் அந்த 12 பேருக்கும் மரியாதை இல்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார வைத்தால் "என்னங்க, டைம் ஆச்சு" என்று நாம் சொல்ல முடிகிறது. அதற்குப் பின்னால் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். தெரியாமலே அவர்கள் சம்பாதித்ததைச் செலவு செய்கிறோம்.

அந்தக் காலத்தில் நீண்ட வேலை நேரம் 'அப்படித்தான் இருக்கும்' என்கிற விஷயமாக இருந்திருக்கும். எரிச்சலுக்கும் அநியாயத்துக்கும் நடுவில் உள்ள கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு உதாரணம். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'கால் வலிக்கும், பாவம்' என்று நினைத்துவிட்டுப் புடவையைப் புரட்டியிருக்கிறோம். கேரளாவில் பெண்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2021இல் தமிழ்நாட்டிலும் கடைகளில் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நாற்காலி சின்ன விஷயம்தான். நாள் முழுக்க நிற்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அக்கா விஷயத்திலும் அப்படித்தான். வராத நேரத்துக்கு மட்டும்தான் சம்பளம் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கக்கூடாது என்ற கொள்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் போட்ட 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அண்ணன் சட்டம் எதுவும் படித்தவர் இல்லை. "பத்து நிமிஷத்துக்குப் பத்து நிமிஷ சம்பளம்" என்று அவர் சொன்னதுதான் சட்டமும் சொல்கிறது.

இனி, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த லீவுக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள்.

முதலில், தேதி போட்டு எழுது. கோபத்தில் ராத்திரியே ஆபீஸ் குரூப்பில் கொட்டுவதைவிட நோட்டில் கொட்டுவது மேல். மறுநாள் படித்தால் பாதி எரிச்சல் சிரிப்பாகிவிடும். சிரிப்பாக மாறாமல் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. புகார் என்று போனாலும் தேதியோடு இருக்கும் ஆறு வரிக்கு இருக்கிற மதிப்பு ஆயிரம் வார்த்தைப் புலம்பலுக்கு இல்லை.

இரண்டாவது, மூன்று கேள்வி கேள். இது சம்பளத்தை, நேரத்தை, உடம்பை, மானத்தைத் தொடுகிறதா? எல்லோரிடமும் இப்படியா, இல்லை திருப்பிப் பேச முடியாதவரிடம் மட்டுமா? நேரில் ஒரு தடவை சொன்னால் தீருமா? காதுக்கு ஹெட்போன் மாட்டினால் தீருகிற பிரச்னை எரிச்சல். ரிமோட் எல்லாம் இந்த வகை. தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கொஞ்சம் குளுருது" என்று சொன்னாலே முடிந்துவிடும். நான் எட்டு பேர் முன்னால் கத்தினேன், அதனால்தான் அவர் பூட்டி வைத்தார்.

மூன்றாவது, அநியாயம் என்றால் தனியாகப் போகாதே. அண்ணன் ஒருவர் மட்டும் எழுந்தபோது முதலாளி சிரித்தார். மூன்று பேரானதும் சிரிப்பு நின்றது. இதில் பெண்களுக்கு நடக்கும் சீண்டலை 'சும்மா விளையாட்டு' என்று எரிச்சல் கணக்கில் எழுதவே கூடாது. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிமுறை சொன்னது. 2013இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். கூட வேலை பார்க்கும் ஆண்களும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு, பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டுப் போ" என்று நெட்டில் நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கு அது சுலபம், எப்படியும் ஜூலையில் காலேஜ் திறந்துவிடும். அக்காவுக்கு? வீட்டில் இரண்டு பிள்ளைகள், பாகூர் பஸ், தெரிந்த ஒரே வேலை. போக முடிகிறவன் போய்விடுவது பெரிய வீரம் இல்லை. போகிறதுக்கு முன்னால், போக முடியாதவருக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இழப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. வேலையை இழக்கக்கூடியவர் பேசினார். நான் பேசவில்லை. இதுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை, இங்கே நாளைய முதலாளிகள் சிலரும் படிப்பீர்கள் என்பதால். வள்ளுவர் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்று 70ஆவது அதிகாரம் எழுதியிருக்கிறார். மேலே இருப்பவரிடம் ரொம்ப ஒட்டாமலும் ரொம்ப விலகாமலும் இரு, அவர் எதிரில் பக்கத்து ஆளோடு குசுகுசுக்காதே என்றெல்லாம் சொல்கிறார். இன்றைய மீட்டிங்குக்கும் பொருந்தும். ஆனால் அதே வள்ளுவர் 57ஆவது அதிகாரத்தை 'வெருவந்த செய்யாமை' என்று அரசனுக்காக எழுதினார். பயமுறுத்தி ஆளாதே, கடுஞ்சொல் பேசாதே என்பது அதன் சாரம். ஊழியனுக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை.

கேட்காதவர் கதையும் நம்ம ஊரில் உண்டு. 1758இல் பிரான்சிலிருந்து தளபதியாக வந்து இறங்கினார் லாலி. கம்பெனி அதிகாரிகள் எல்லோரையும் திருடர்கள் என்று பேசினார். ஊர் ஜனங்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். வீரத்துக்குக் குறைவில்லை, வந்த சில வாரத்தில் கடலூர்க் கோட்டையைப் பிடித்தவர்தான். ஆனால் நெருக்கடி வந்தபோது அவரோடு மனசார நிற்க ஊரில் ஆளில்லை. 1760இல் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரி 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. 1766இல் பாரீசில் அவர் தலையை வெட்டினார்கள். தோல்விக்குப் பணப் பற்றாக்குறை, கப்பல் இல்லாதது என்று வேறு காரணங்களும் உண்டு. அவர் நாக்கும் ஒரு காரணம்.

கடைசியாக ஒன்று. வேலையின் கடைசி நாள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ரிமோட் விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னார்: "அது கெடக்குது தம்பி. நீ உக்காந்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்கியே, அதை மட்டும் விட்டுடு. ரெண்டு மாசமா என் மேஜையும் சேர்ந்து ஆடுது. சின்னப் பையனாச்சேன்னு சொல்லலை."

அந்த "ஹூம்" எதற்கு என்று இப்போது புரிகிறது!

யாரோ ஒருவருடைய நோட்டில் நாமும் 33 குறிப்புகளாக இருக்கிறோம். அதனால் எரிச்சல் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். மிச்சப்படுத்திய அந்தச் சக்தியை அரை நாள் கட் மாதிரி விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அடுத்த லீவுக்கு நான் புது நோட்டு வாங்கிவிட்டேன். இந்தத் தடவை பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் எனக்கு நடந்தது. வலது பக்கம் மற்றவருக்கு நடந்தது.

நம்ம காலை ஆட்டும் வியாதிக்கு யாருக்காவது மருந்து தெரிந்தால் சொல்லுங்கள் மக்களே. மீண்டும் சந்திப்போம்.